அப்பாவுக்குப் போட்ட பாயின்ட்

தம்பி அன்று காலையில் ஃப்ரிட்ஜோடு பேசிக்கொண்டிருந்தான்.

"பால் தீர்ந்துபோச்சு போல" என்றான், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு.

ஃப்ரிட்ஜ் பதில் சொல்லவில்லை. அடுப்பருகே நின்ற அவன் மனைவிதான் சொன்னாள். "கீழ் தட்டுல இருக்குங்க."

"அக்கா, பால் எங்கேன்னு உனக்குத் தெரியுமா?"

மேஜையில் உட்கார்ந்து டீயை ஆற விட்டுக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "கீழ் தட்டுலன்னு சொல்றாளே, காது கேக்கலையா?"

தம்பி பாலை எடுத்தான். ஆனால் காது கேட்டதாக ஒப்புக்கொள்ளவில்லை. அப்பாவுக்குக் கோபம் வந்தால் தெருவே கேட்கும், பத்து நிமிடத்தில் அடங்கியும் விடும். பிள்ளைக்கு அந்த நல்ல குணம் வாய்க்கவில்லை. அவன் வாயைப் பூட்டிக்கொள்கிறவன். கத்துகிறவர்களோடு எப்படியாவது குடித்தனம் நடத்திவிடலாம், பூட்டிக்கொள்கிறவர்களோடு ரொம்பக் கஷ்டம்.

போன அத்தியாயத்தைப் படிக்காமல் விட்டவர்களுக்காக நாலு வரி.

அப்பா பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். நுரையீரலில் சளி கட்டி, உள்ளூர் மருத்துவமனையில் ஐசியூவில் சேர்த்தார்கள். அந்த ஐசியூவின் இன்சார்ஜ் சிஸ்டர், சொந்த மகள். நம் அக்கா. அதே வார்டில் நர்ஸ் வேலை பார்க்கிறவள் மருமகள். 'மருமகள்' என்று சொல்ல அப்பாவுக்குப் பிடிக்காது. கல்யாணமாகி வந்த நாள் முதல் அவள் 'சின்னவள்'தான். தொண்டைக்குள் குழாய் போட்டு மெஷினில் மூச்சு விட்டுக்கொண்டிருந்த அப்பா தேறி வந்தார். மறுநாள் குழாயை எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்று சாயங்காலம், அரைத் தூக்கத்தில், அப்பாவே அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டார். திரும்பக் குழாய் போடுவதற்குள் மூளைக்குக் காற்று போகவில்லை. அதன் பிறகு அவர் கண் திறக்கவே இல்லை.

அந்தச் சமயத்தில் அந்தக் கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தவள் சின்னவள். சொந்தக்காரரைச் சொந்தக்காரர் பார்க்கக் கூடாது என்பது வார்டின் விதி. அன்று சாயங்காலம் அந்த விதியைக் காப்பாற்றக்கூட ஆள் இல்லை.

தம்பிக்கு அது போதுமாக இருந்தது. அன்றிலிருந்து மனைவிக்கு முகம் கொடுத்து ஒரு வார்த்தை பேசவில்லை.

"இன்னைக்கு டாக்டர் நம்மளை வரச் சொல்லியிருக்காங்க" என்றாள் அக்கா. "மூணு பேரும் ஒண்ணாப் போயிடலாம்."

"நான் தனியாப் போறேன்" என்றான் தம்பி.

"நான் பஸ்ல போய்க்கறேன் அண்ணி" என்றாள் சின்னவள். "எனக்கு மத்தியானம்தானே டியூட்டி. அதுக்கு முன்னாடி மேட்ரனைப் பார்க்கணும். விசாரணை."

விசாரணையும் அவள்மேல், டியூட்டியும் அவள்மேல். ஆள் இல்லாத இடத்தில் குற்றம் சாட்டப்பட்டவளைக்கூட வீட்டில் உட்கார விட மாட்டார்கள்.

அக்கா டீயைக் குடிக்கவே இல்லை. அவளுக்கு ஒரு விஷயம் தெரியும். வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. பல நாளாக அது தொண்டை வரை வருகிறது, போகிறது. சொல்லாததற்குக் காரணம் பயம்தான். வேறு பேர் வைத்து மழுப்ப வேண்டாம்.

---

டாக்டர் அம்மா அக்காவையும் தம்பியையும் உட்கார வைத்தார். சின்ன அறை. ஒரு மேஜை, காகிதக் கைக்குட்டைப் பெட்டி, சுவரில் கடல் படம். எத்தனையோ பேரை இந்த அறைக்குக் கூட்டிவந்து உட்கார வைத்தவள் அக்கா. கைக்குட்டைப் பெட்டி இருக்கிற பக்கத்து நாற்காலியில் இன்றுதான் முதல் தடவையாக உட்கார்ந்தாள்.

"எல்லாப் பரிசோதனையும் திரும்பப் பண்ணிட்டோம்" என்றார் டாக்டர். "மூளைகிட்டேயிருந்து பதில் இல்லை. இனிமே வரும்னு நான் சொன்னா, அது பொய்."

"காலை அசைக்கிறாரே" என்றான் தம்பி. "வலது காலு. நான் பார்த்தேன். பிரேக் போடற மாதிரி அழுத்துறாரு."

"அது தானா நடக்குறதுப்பா" என்றாள் அக்கா மெதுவாக.

"உனக்கு எல்லாம் தானா நடக்கும். எனக்கு அது எங்கப்பா காலு."

டாக்டர் நாற்காலியை அவன் பக்கம் நகர்த்திக்கொண்டார். பிறகு, குழாயை எடுத்தால் என்ன ஆகும் என்று சொன்னார். வலி தெரியாமல் மருந்து கொடுப்பார்கள். சில நிமிடங்களாகலாம், சில மணி நேரமும் ஆகலாம்.

தம்பி அக்காவைப் பார்த்தான். எத்தனை வயதானாலும் இந்த ஒரு விஷயத்தில் அவன் தம்பிதான். அவள் சொல்ல வேண்டும்.

"அப்பாவை இப்படி வெச்சிருக்க வேண்டாம்" என்றாள் அக்கா. சொல்லி முடித்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சரி" என்றான் தம்பி. அவன் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது, துடைக்கவில்லை. "இன்னைக்கே எடுத்துடுங்க. ஆனா ஒண்ணு டாக்டர். அந்த நேரத்துல அவ எங்கப்பா கட்டில்கிட்ட வரக் கூடாது."

"யாரு?"

"என் பொண்டாட்டி."

டாக்டருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. கடல் படத்தைப் பார்த்தார்.

---

மேட்ரன் பொல்லாதவர் இல்லை. பல வருஷமாக இல்லாத ஆளைக் கேட்கிற இடத்துக்கெல்லாம் அனுப்பி அனுப்பிக் களைத்துப்போனவர். அவர் அறைக்குள் போகிற நர்ஸ்கள் எல்லோரும் ஆள் கேட்டுத்தான் போவார்கள், எல்லோருக்கும் அவர் சொல்லும் பதில் ஒன்றுதான்: "பாயின்ட் என்ன சொல்லுது?"

பாயின்ட் என்றால் இதுதான். ஐசியூவில் தலையை எண்ணி நர்ஸ் போட்டால் சரிவராது. ஒரு நோயாளி நாள் முழுக்கச் சும்மா படுத்திருப்பார், இன்னொருவரை விட்டு ஒரு நொடி நகர முடியாது. அதனால் ஒவ்வொரு ஷிஃப்ட் முடியும்போதும் இன்சார்ஜ் சிஸ்டர் ஒவ்வொரு கட்டிலுக்கும் எவ்வளவு வேலை என்று பாயின்ட் போடுவாள். புரட்டிப் படுக்க வைப்பதற்கு, சளி உறிஞ்சுவதற்கு, சொட்டு மருந்துகளுக்கு, கையைக் காலை ஆட்டுகிறவர் பக்கத்திலேயே நிற்பதற்கு, வெளியே அழுகிற சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்வதற்குக்கூட. எல்லாவற்றையும் கூட்டினால், அடுத்த ஷிஃப்டுக்கு எத்தனை நர்ஸ் என்று வந்துவிடும். நல்ல ஏற்பாடுதான். போடுகிறவர் உள்ளதைப் போட்டால்.

"அன்னைக்கு சாயங்காலம் உங்க வார்டுக்குப் பாயின்ட்படி வேண்டிய ஆள் இருந்தாங்க" என்றார் மேட்ரன், சின்னவளிடம். வார்டின் இன்சார்ஜ் என்பதால் அக்காவும் பக்கத்தில் நின்றாள். "ஒருத்தரை மேல் மாடி வார்டுக்கு மாத்தினேன். அதுவும் பாயின்ட்படிதான். அதனால ஆள் பத்தலைன்னு நீ சொல்ல முடியாதும்மா."

"நான் அப்படிச் சொல்லலையே மேடம்."

"பின்னே என்ன சொல்றே?"

சின்னவள் நின்றுகொண்டே பேசினாள். உட்காரச் சொன்னது அவள் காதில் விழவில்லை. "என்கிட்ட மூணு கட்டில். நாலாம் கட்டில் அம்மாவுக்கு பிரஷர் திடீர்னு இறங்கிடுச்சு. கையை எடுத்தா அவங்க போயிடுவாங்க. மாமா முனகுற சத்தம் கேட்டுச்சு. 'இதோ வந்துட்டேன் மாமா'ன்னு சொன்னேன். திரும்பிப் பார்க்கறப்போ குழாய் அவர் கையில இருந்துச்சு."

"அந்த அம்மா?"

"பொழைச்சுட்டாங்க. நேத்து எழுந்து உட்கார்ந்தாங்க."

மேட்ரன் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "நீ நல்ல நர்ஸ்தான். ஆனா மேல இருக்கறவங்க கேப்பாங்க. ஆள் போதுமான அளவு இருந்தும் இது எப்படி நடந்துச்சுன்னு கேப்பாங்க. கவனக்குறைவுன்னுதான் போட முடியும். வேலை போகாமப் பார்த்துக்கறேன். இந்த வார்டுல இருக்க முடியாது."

சின்னவள் தலையை ஆட்டினாள். எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளும் தன்மேல்தான் குற்றம் என்று நம்ப ஆரம்பித்திருந்தாள் என்பது அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. வீட்டில் தினமும் ஒருவன் பேசாமல் இருந்தே அதை நம்ப வைத்துவிட்டான். நானும் பக்கத்தில் உட்கார்ந்து டீயை ஆற விட்டுக்கொண்டிருந்தேன் என்று நினைத்தாள் அக்கா.

"பாயின்ட் தப்பு மேடம்" என்றாள்.

"கூட்டல்ல தப்பா?"

"கூட்டல் சரிதான். எங்கப்பாவுக்கு நான் போட்டது தப்பு. அவர்தான் வார்டுலயே ரொம்பத் தொந்தரவு பண்ற நோயாளி. முழிப்பு வந்தா கை நேரா குழாய்க்குப் போகும். பக்கத்துல ஒரு ஆள் இருந்தே ஆகணும். நான் போட்டது அமைதியான நோயாளிக்குப் போடற பாயின்ட்."

"ஏன்?"

"அவர் அமைதியாத்தான் இருந்தார் மேடம். நான் பக்கத்துல இருந்தேன். டியூட்டிக்கு முன்னாடி, டியூட்டிக்கு அப்புறம், சாப்பாட்டு நேரம், எப்பவும். கையைப் பிடிச்சுக்குவேன், தூங்கிடுவார். நானே புரட்டிப் படுக்க வெச்சேன், நானே துடைச்சு விட்டேன். என் நர்ஸுங்களுக்கு அந்தக் கட்டில்ல வேலையே இல்லை. வேலை இல்லாத கட்டிலுக்கு எப்படிப் பாயின்ட் போடறது? அதோட…" அக்கா நிறுத்தினாள். "இன்சார்ஜ் அவங்கப்பாவுக்குன்னா அள்ளிப் போடறாங்கன்னு யாரும் சொல்லிடக் கூடாதுன்னு நினைச்சேன்."

மேட்ரன் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். "நீ சொந்தமா உட்கார்ந்து செஞ்ச வேலையை யாரும் கணக்குல சேர்க்கறது இல்லை. நானும் சேர்த்திருக்க மாட்டேன்."

"அதைத்தான் சொல்றேன் மேடம். அன்னைக்கு நான் வீட்டுக்குப் போயிட்டேன். வேலை அங்கேயே இருந்துச்சு. செய்யறதுக்குத்தான் ஆளை அனுப்பலை. அனுப்ப வேண்டாம்னு சொன்னது நான்."

"வெளியில போய்த் தண்ணி குடிச்சிட்டு, யோசிச்சுட்டு வந்து சொல்றியா?" மேட்ரனின் குரல் இறங்கியிருந்தது. "இதை நான் காதுல வாங்கிட்டேன்னா, நாளையிலேருந்து நீ இன்சார்ஜ் இல்லை."

"யோசிச்சுட்டுத்தான் மேடம் வந்தேன்."

சின்னவள் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்களுக்கு இது எப்போ தெரியும் அண்ணி?"

"அன்னைக்கே தெரியும்."

"அன்னைக்கேவா" என்றாள் சின்னவள். அதை ஒரு கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை. "மேடம், எனக்கு டியூட்டிக்கு நேரமாச்சு."

---

தம்பி லிஃப்டுக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டிடத்துக்குப் போனாலும் அதன் முன்னால்தான் போய் உட்காருவான், கயிறு ஓடுகிற சத்தத்தை வைத்தே ஜாதகம் சொல்லுவான்.

அக்கா அவன் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவனுக்குப் புரியவில்லை.

"நீ கூட இருந்து பார்த்துக்கிட்டது எப்படித் தப்பாகும்?"

"லிஃப்டுக்குள்ள எட்டுப் பேர் ஏறிட்டாங்கன்னு வெச்சுக்கோ. வெளியிலேருந்து ஒருத்தன் அதைக் கையால தாங்கிப் பிடிச்சுக்கிட்டு இருந்தா, எடை என்ன காட்டும்?"

"கம்மியாக் காட்டும்."

"இன்னும் ஏறலாம்னு சொல்லும். இல்லையா?"

"அப்புறம் அவன் கையை எடுத்தான்னா…" என்று ஆரம்பித்தவன் நிறுத்தினான்.

"நான் கையை எடுத்துட்டேன்டா. சின்னவ உள்ள மாட்டிக்கிட்டா."

அக்கா அடிக்குக் காத்திருக்கிறவள்போல் உட்கார்ந்திருந்தாள். தம்பி கையை நீட்டி அவள் தோளை வளைத்துக்கொண்டான்.

"விடு அக்கா. நீயே தூக்கமில்லாம விழுந்துடற மாதிரி இருந்தே. வீட்டுக்கு வந்து தூங்குன்னு உன்னை இழுத்துட்டு வந்ததே நான்தானே. நீ அப்பாவுக்காகத்தானே பண்ணே? இதுல உன்னை யாரு என்ன சொல்றது?"

அக்கா அழுதுவிட்டாள். அதற்கு முந்தைய நாட்களில் எல்லாம் வராத அழுகை.

மருந்து டிரேயுடன் சின்னவள் அவர்களுக்குப் பின்னால் நின்றிருந்தாள். மருந்தறைக்குப் போகிற வழி அதுதான். அவள் ஒட்டுக் கேட்கவில்லை, பெஞ்சு வழியை மறித்துக்கொண்டிருந்தது.

"பரவாயில்லையே" என்றாள்.

தம்பி திரும்பினான்.

"அண்ணி தப்புப் பண்ணிட்டேன்னு சொன்னாங்க. அவங்க சொல்லி முடிக்கறதுக்குள்ள நீங்க மன்னிச்சுட்டீங்க. சந்தோஷம்தான். நான் தப்பே பண்ணலை. ஒரு தடவை, 'என்ன நடந்துச்சு'ன்னு என்னைக் கேட்டீங்களா?"

தம்பி வாயைத் திறந்தான். பூட்டிப் பழகிய வாய், அவசரத்துக்குத் திறந்தால் வார்த்தை எங்கே வரும்?

"கொஞ்சம் வழி விடுங்க" என்றாள் சின்னவள். "நாலாம் கட்டிலுக்கு மருந்து நேரம்."

---

சாயங்காலம் குழாயை எடுத்தார்கள்.

அப்பாவின் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. மெஷின் நின்றதும் அறை புதிதாக இருந்தது. எத்தனை சத்தம் போட்டிருக்கிறது அந்த மெஷின் என்று அது நின்ற பிறகுதான் தெரிந்தது. அப்பா தன் சொந்த மூச்சை மெதுவாக, இடைவெளி கொடுத்து விட்டுக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் மகன், ஒரு பக்கம் மகள்.

திரைக்கு அந்தப் பக்கம் சின்னவளின் குரல் கேட்டது. "அம்மா, கொஞ்சம் இருமுங்க. ஆங், இன்னும் கொஞ்சம்." பக்கத்தில் இன்னொரு கட்டிலில் மணி அடித்தது. அவள் செருப்பு அங்கே ஓடியது, இங்கே திரும்பியது. அவளோடு டியூட்டியில் இருந்த மற்றவர்களும் ஆளுக்கு ஒரு மூலையில் மாட்டியிருந்தார்கள்.

"அவளைக் கூப்பிடட்டுமா?" என்றான் தம்பி. காலையில் டாக்டரிடம் சொன்னதை அவனே விழுங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. அவன் எழுந்து திரையை விலக்கினான். "வாம்மா. அப்பா போகப் போறாரு. வா."

சின்னவளின் ஒரு கை நாலாம் கட்டில் அம்மாவின் முதுகில் இருந்தது. அவள் அப்பாவின் பக்கம் பார்த்தாள். "என்கிட்ட ரெண்டு கட்டில் இருக்குங்க. விட்டுட்டு எப்படி வர்றது? இவங்களை யாரு பார்ப்பாங்க?"

மேல் மாடியில் கேட்டுப் பார்த்தாயிற்று, அனுப்ப ஆள் இல்லை.

அக்கா அப்பாவின் கையைப் பார்த்தாள். அவரைத் தூங்க வைக்க அவள் பிடித்துக்கொண்டிருந்த அதே கை. இதை விட்டு எழுந்தால் இன்னொரு தடவை கிடைக்காது, அது அவளுக்கு நன்றாகத் தெரியும். எத்தனையோ பேருக்கு அவளே சொல்லியிருக்கிறாள்: கிட்டவே இருங்க, இப்பப் போனா அப்புறம் வருத்தப்படுவீங்க.

குனிந்து அவர் நெற்றியில் முத்தமிட்டாள். "போயிட்டு வர்றேன்ப்பா" என்றாள். எழுந்து போய்க் கையைக் கழுவினாள். கையுறை மாட்டிக்கொண்டாள். திரையைத் தாண்டி நாலாம் கட்டிலுக்குப் போனாள்.

"ஹேண்டோவர் கொடு" என்றாள்.

"அண்ணி, வேண்டாம். நீங்க அங்க இருக்கணும்."

"கொடு சொல்றேன். நேரமில்லை."

சின்னவள் தன் இரண்டு கட்டில்களையும் சொல்லி ஒப்படைத்தாள். குரல் உடைந்து உடைந்து வந்தாலும் ஒன்றும் விட்டுப்போகவில்லை. நாலாம் கட்டில், பிரஷர் நிலையாக இருக்கு, சளி உறிஞ்சணும். ஐந்தாம் கட்டில், சொட்டு மருந்து முடியப்போகுது, அடுத்தது எடுத்து வெச்சாச்சு, பயப்படுறாரு, பேசிக்கிட்டே இருக்கணும்.

"சரி, எடுத்துக்கிட்டேன்" என்றாள் அக்கா. "இப்ப நான் கொடுக்கறேன், கேட்டுக்கோ. அப்பா. வலி இல்லை, மருந்து போகுது. மூச்சு இடைவெளி விட்டு வரும், நின்னுடுச்சோன்னு பயப்படாதே. வலது கையைப் பிடிச்சுக்கோ. வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்."

சின்னவள் திரைக்குள் போனாள்.

அக்கா நாலாம் கட்டில் அம்மாவுக்குச் சளி எடுத்தாள். திரைக்கு அந்தப் பக்கமிருந்து சின்னவளின் குரல் மட்டும் வந்தது. "மாமா. சின்னவ வந்துட்டேன் மாமா." பிறகு தம்பியின் தேம்பல். பிறகு ஒன்றும் இல்லை.

"அண்ணி" என்று கூப்பிட்டாள் சின்னவள், மெதுவாக.

அக்காவுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் குழாய் அந்த அம்மாவின் தொண்டைக்குள் பாதியில் இருந்தது, பாதியில் விட முடியாது. கண்ணீர் இறங்கி முகமூடி நனைந்தது. துடைக்கக் கையில்லை. "அவ்வளவுதாம்மா, முடிஞ்சுடுச்சு, நல்லா இருமினீங்க" என்று அந்த அம்மாவிடம் சொன்னாள். வேலையை முழுசாக முடித்துவிட்டுத்தான் அப்பாவிடம் போனாள்.

சின்னவள் அதற்குள் அவர் தலைமுடியை ஒதுக்கிவிட்டு, போர்வையை நேர் செய்து வைத்திருந்தாள். அக்காவுக்கு இடம் விட்டு எழுந்து வெளியே வந்தாள். தம்பி பின்னாலேயே வந்தான்.

"ஷிஃப்ட் முடிஞ்சதும் கீழ வண்டியோட நிக்கறேன்" என்றான். "மூணு பேரும் சேர்ந்து வீட்டுக்குப் போயிடலாம்."

"அண்ணியைக் கூட்டிட்டுப் போங்க. அவங்களுக்குத்தான் இப்ப கூட ஆள் வேணும்."

"உனக்கு?"

ஐந்தாம் கட்டிலில் மணி அடித்தது. சின்னவள் புதுக் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"எனக்கு போன வாரம் வேண்டியிருந்துச்சு" என்று சொல்லிவிட்டு, அந்தக் கட்டிலைப் பார்க்கப் போனாள்.